எசமான் வேஷம்

"வெளிய விட்டா எங்க போவ நீ? கெட்டுச் சீரழிஞ்சிடுவ. எங்க வீட்டுப் பொண்ணாட்டம்தானே வச்சிருக்கோம். இங்க என்ன கொற ஒனக்கு?"

இடுப்பில் கைவைத்துக்கொண்டு தங்கம்மாள் போட்ட அதட்டலில், நைந்த புடவையைச் சுற்றிக்கொண்டு தலைகுனிந்து நின்ற இலக்கியா தன் வசனத்தை மறந்து கைதட்டிவிட்டாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், பேராசிரியர் சபாபதி வீட்டு ஹாலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா விடுதலையை அறிவித்து இருநூற்றைம்பது வருஷம் ஆகிறதென்று சிதம்பரத்தில் விழா. நாடகம் சபாபதி எழுதியது. மனிதரெல்லாம் சமம் என்ற சாசனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புகிற எசமானிடம், "என்னையும் விட்டுவிடுங்கள்" என்று ஓர் அடிமைப்பெண் கேட்கிற கதை.

அடிமைப்பெண்ணாக அவர் மகள் இலக்கியா. எசமானாக நடிக்கவேண்டிய அருண்பாண்டியன் புவனகிரியிலிருந்து இன்னும் வந்துசேரவில்லை. அதுவரை சும்மா நிற்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே என்று, வீட்டுவேலை செய்யும் தங்கம்மாளை அடுப்படியிலிருந்து இழுத்துவந்திருந்தாள் இலக்கியா. படிக்கத் தெரியாவிட்டால் என்ன, வாய்க்கு வந்ததைப் பேசு என்றிருந்தாள்.

"அடேயப்பா! எங்கேர்ந்து வருது ஒனக்கு இதெல்லாம்?" சபாபதி செல்போனில் ரெக்கார்டை அழுத்தி டீப்பாயில் வைத்தார். "இன்னொருக்கா சொல்லு தங்கம். நான் எழுதுனதவிட இது நல்லாருக்கு."

சொன்னாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விடிந்ததிலிருந்து கேட்க நினைத்திருந்ததைக் கேட்டுவிட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தங்கம்மாளுக்குத் தோன்றியது. பாவாடை கட்டிய வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். இப்போது தலை பாதி நரைத்துவிட்டது.

"ஐயா, பிச்சாவரத்துல படகுத்துறைகிட்ட எங்க அண்ணி இட்லிக் கடை போட்டிருக்கு. வந்துடுன்னு கூப்புடுது. ஒங்க நாடகம் முடிஞ்சதும் நான் போயிடட்டுங்களா?"

சபாபதியின் சிரிப்பு நின்றது. அவர் அதிகம் பேசவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

தங்கம்மாள் அடுப்படிக்குப் போய்க் காபி கலந்தாள்.

அவள் டம்ளரோடு திரும்பியபோது அருண்பாண்டியன் வந்திருந்தான். "வசனத்த மாத்தியாச்சுடா, கேளு" என்று இலக்கியா செல்போனை அவனிடம் தந்திருந்தாள்.

முதலில் தங்கம்மாளின் குரல் அதட்டியது. பிறகு சிரிப்பு. பிறகு இட்லிக் கடை என்று ஏதோ வரவே, அருண்பாண்டியன் அதைத் தள்ளி ஓட்டினான். அடுத்து சபாபதியின் குரல்.

"போயி? கெட்டுச் சீரழியவா? எங்க வீட்டுப் பொண்ணாட்டம்தானே வச்சிருக்கோம். இங்க என்ன கொற ஒனக்கு?"

"சார், இதான் சார் எசமான்!" என்று துள்ளினான் அருண்பாண்டியன். "அவுங்க சும்மா கத்துறாங்க. நீங்க எவ்ளோ சாந்தமா சொல்றீங்க பாருங்க! நான் இப்டியே பேசிடறேன்."

சபாபதி செல்போனை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "சரி, ஆரம்பிங்க."

எசமான் சாந்தமாகப் பேசினான். அடிமைப்பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, தெருக்கதவு வரை விடுவிடுவென்று நடந்தாள். பேராசிரியர் கைதட்டினார்.

இலக்கியா சிரித்துக்கொண்டே திரும்பிவந்து, சுடிதாருக்கு மேல் சுற்றியிருந்த புடவையை உருவிச் சுருட்டி நீட்டினாள்.

"தங்கம், இதத் தொவச்சு வச்சிடு. சிதம்பரத்துல கட்டணும்."

தங்கம்மாள் தன் புடவையை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.