தரை மட்டும் தெரியும் வீடியோ

"இதுக்கா இத்தனை நாள் மெனக்கெட்டே?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மூத்த மகள், பக்கத்தில் நின்ற தம்பி மனைவியிடம் கேட்டாள்.

அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய பழைய கேமராவில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கச் சொல்லியிருந்தாள் மூத்தவள். இப்போது வந்து பார்த்தால் ஒரு போட்டோகூட இல்லை. அத்தனையும் வீடியோ. அதிலும் தரை, செருப்பு, சுவர், அம்மாவின் கட்டைவிரல். ஒன்றையும் ஓட விட்டுப் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை.

அம்மாவுக்கு அந்தக் கேமரா கடைசிவரை பிடிபடவில்லை. போட்டோ எடுக்கிறேன் என்று பாதி நேரம் வீடியோ பட்டனை அமுக்கிவிடுவாள். எடுத்தாயிற்று என்று கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தால், அது பாட்டுக்குத் தரையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்.

"போட்டோ எல்லாம் எங்கே?"

"கேமராவுலயே பத்திரமா இருக்கு அண்ணி. கம்ப்யூட்டர்ல இடம் பத்தலை. முதல்ல வீடியோவை ஏத்தினேன்."

"நல்லதை விட்டுட்டுக் குப்பையை அள்ளி வச்சிருக்கே. எல்லாத்தையும் அழி."

"வேண்டாம் அண்ணி. மாமா வந்து..."

"அப்பாவை எதுக்கு இழுக்கறே?"

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. மாமியாரும் மருமகளும் எலியும் பூனையுமாக இருந்தது ஊரறிந்த கதை. இவள் நின்றாலும் குற்றம், உட்கார்ந்தாலும் குற்றம் என்றுதான் இருந்தாள் அம்மா. அதற்காக?

"ஆசை ஆசையா எடுத்த போட்டோவை ஏத்தாம விட்டிருக்கே. அம்மா போனப்புறமும் உனக்கு மனசு ஆறலையா?"

சொல்லிக்கொண்டே வீடியோக்களை மொத்தமாகத் தேர்வு செய்தாள். அழிக்கப் போன கையைத் தம்பி மனைவி பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சா போச்சு அண்ணி! ஏத்தினதுமே கேமராவுல அதெல்லாம் அழிஞ்சிடுச்சு."

அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். அம்மா போனதிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத மனிதர், நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கும் ஆரம்பிக்கலாமாம்மா?" என்றார் மருமகளிடம்.

அவள் ஒரு வீடியோவை ஓட விட்டாள். திரையில் தரை ஆடியது. அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"கொஞ்சம் சிரிங்களேன், சிரிச்சா முத்தா உதிர்ந்துடும்? உங்க மருமகளைப் பாருங்க, வீட்டைச் சந்தைக்கடை மாதிரி வச்சிருக்கா. இவளை எங்கேதான் தேடிப் பிடிச்சீங்களோ!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது.

"அடுத்ததைப் போடும்மா" என்றார்.

அம்மாவின் குரலைத் தன் கையாலேயே அழிக்கப் போனோமே என்பது மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி மனைவியைப் பக்கத்தில் இழுத்துக் காதோரம் கேட்டாள்.

"தினமும் இதைக் கேட்டுட்டா நிக்கறே? உன்னைத் திட்டாத வீடியோவாப் பார்த்துப் போடக் கூடாதா?"

"அப்படிப் பார்த்தா, மாமாவுக்குக் கேட்க ஒண்ணுமே மிஞ்சாது அண்ணி."