மணி நிக்கிறதுக்குள்ள

மலைமேல மூணு ரோடு பிரியுற இடத்துல நக்லேயோட டாக்ஸி நிக்குது. விடியக்காலையிலிருந்து பெய்ரூட்டுல ஓட்டின முதுகு அவர்கிட்ட கெஞ்சுது. முன்னாடி மாட்டின போன் மேப்புல அவர் இருக்கிற இடத்தைக் காட்டுற நீலப் புள்ளி ஜோர்டான் ஏர்போர்ட்டுல ஜம்முன்னு உக்காந்திருக்கு. எல்லையில சண்டைன்னா ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்பி விட்டுருவாங்க. போன மாசம் பனிமூட்டத்துல இதே மேப்தான் வளைவு வளைவாச் சொல்லி அவரை உசுரோட கீழ இறக்குச்சு. திட்டவும் மனசு வரல. பின்சீட்டுல கறுப்பு உடுப்போட வதாத். "நாலு மணிக்குச் சவப்பெட்டியை மூடிருவாங்க, அபு ரீமோன். அக்கா முகத்தைப் பாக்கணும்." மகன் ரீமோன் பேரை வச்சு நக்லேயை அப்படித்தான் கூப்பிடுவாங்க. "அக்கா ஊருக்கு உங்களுக்கே வழி தெரியாதாம்மா?" "பேசிப் பதினோரு வருஷமாச்சு. எல்லாம் புதுக் கட்டடமா இருக்கு." ரோட்டோரக் கடைக்காரர் எட்டிப் பாக்குறார். "பெரிய அக்ரூட் மரத்துகிட்டத் திரும்புங்க." "மரம் எங்கப்பா?" "அதை வெட்டி நாலு வருஷமாச்சே!"

நக்லே இன்ஜினை அணைக்கிறார். பைன் மரத்துல காத்து. தூரத்துல சர்ச் மணி ஒரு தடவை அடிக்குது, ரொம்ப நேரம் விட்டு இன்னொரு தடவை. பெட்டியை மூடுறவரைக்கும் அடிக்கிற சாவு மணி. "இடது பக்கம்," வதாத் கையைக் காட்டுறா. நாலு கண்ணாடியையும் இறக்கிட்டு, ஒவ்வொரு வளைவுலயும் நிறுத்திக் காது குடுத்து ஏறுறாங்க. மூணு அம்பது. மறுபடி நிறுத்துறார். மணியைக் காணோம். "நின்னுருச்சா?"ங்கிறா வதாத். நக்லே ஒரு கையைத் தூக்கி, மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கார். அடிக்குது.