மூன்றாவது சரணம்

கொச்சி ஸ்டூடியோவில் நான் சேர்ந்து இரண்டு மாதம்தான். சர்ச்சில் பதிவான கிறிஸ்துமஸ் பாட்டை மூன்று முறை ஆடியோ ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து அனுப்பியும், வேலையைக் கொடுத்த ஏலியாம்மா சேச்சிக்குத் திருப்தியில்லை.

"ஒரு இரைச்சல்கூட இல்லாம சுத்தம் பண்ணிருக்கேன் சேச்சி. இன்னும் என்னதான் வேணும்?"

"மூணாவது சரணத்துல ஏதோ குறையுது மோனே."

முதலாளி முறைத்தார். "இன்னைக்கு முடியலைன்னா நாளைக்கு நீ வரவேணாம்."

எரிச்சலில், சுத்தம் செய்யாத பதிவையே எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. வேலை போச்சு என்று நினைத்தேன்.

"இதுதான் மோனே! இதேதான்!"

"ஐயோ, இதுல மூணாவது சரணத்துல யாரோ இருமுறாங்களே சேச்சி!"

"அது என் வீட்டுக்காரர் வர்கீஸ். போய்ச் சேர்ந்து நாப்பது நாளாச்சு. இருமல் வேணும்னு கேட்டா நீ சிரிப்பியேன்னுதான் சொல்லல."