நேற்றைய பக்கம்

நான் எழுதிக் கொடுத்த அளவுகளை நம்பினால், எங்கள் சரக்குக் கப்பல் அன்று மாலை ஒரு மலைமேல் நின்றுகொண்டிருந்தது.

இருக்கவேண்டிய இடத்துக்கு மேற்கே அறுபது மைல். வரைபடத்தில் மலையின் உயரம்கூடப் போட்டிருந்தது. நல்ல காற்று வரும் இடம் போலிருந்தது.

கேப்டன் பென்சில் முனையால் மலையைத் தட்டினார்.

"என்ன செகண்ட், நங்கூரம் போடலாமா? இல்ல, ஏதாவது மரத்துல கட்டிடலாமா?"

சுக்கான் பிடித்திருந்த மாலுமி முன்னால் பார்த்தபடியே நின்றான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

கேப்டன் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்கு நான் மாமா, எனக்கு அவன் மச்சான். கப்பலை ஓட்டும் இந்தக் கண்ணாடி அறைக்குள் அவர் சார். நான் செகண்ட், அதாவது இரண்டாம் அதிகாரி. என்னைவிட ஒன்பது வயது சின்னவர். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். என் கல்யாணத்தன்று நான் படியில் தடுக்கி விழுந்தபோது.

முதல் அதிகாரி ஆவதற்கு எனக்கு இது கடைசி வாய்ப்பு. ஐம்பத்தொரு வயது. இரண்டு முறை என்னைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்தமுறை கேப்டன் எழுதும் அறிக்கைதான் முடிவு. துறைமுகத்துக்கு இன்னும் இரண்டே நாள்.

என்ன எழுதப்போகிறார் என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "பார்க்கலாம்" என்பார். டாக்டர்கள் சொல்லும் அதே "பார்க்கலாம்."

அந்த மூன்று வாரமும், இருட்டத் தொடங்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில், என்னை வெளியே விரட்டி நட்சத்திரங்களை அளக்கச் சொன்னார். உள்ளே இருப்பிடம் காட்டும் கருவி ஒன்றுக்கு இரண்டாக ஒளிர்ந்துகொண்டிருக்க, என் கையில் செக்ஸ்டன்ட். நட்சத்திரம் கடல் விளிம்புக்கு மேலே எத்தனை பாகை நிற்கிறது என்று கண்ணால் பார்த்து அளக்கும் பழைய சாமான். வேறு எந்த அதிகாரிக்கும் இந்தத் தண்டனை கிடையாது.

நட்சத்திரங்களுக்கும் விலாசம் உண்டு. இரண்டே எண்கள். வானத்தின் நடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு தள்ளி, வானத்தில் குறித்துவைத்த ஒரு புள்ளிக்கு மேற்கே எவ்வளவு தள்ளி. அது சட்டென்று மாறாது. ஆனால் வானம் சுற்றுகிறதே, எந்த நேரத்தில் எவ்வளவு சுற்றியிருக்கும் என்று தேதிவாரியாக ஒரு புத்தகத்தில் போட்டிருக்கும். ஒரு நாள் பிசகினால் ஒரு பாகை. ஒரு பாகை என்றால் அறுபது மைல்.

"புத்தகத்துல நேத்துப் பக்கத்தைப் பார்த்துட்டேன் சார்" என்றேன். "மலை அதனாலதான் வந்துச்சு. மத்தபடி மலைக்கும் எனக்கும் விரோதம் இல்ல."

அவர் சிரிக்கவில்லை.

"கணக்குப் போட்டது நான். இன்னைக்குப் பக்கத்தை வச்சுத்தான் போட்டேன். உங்ககிட்ட வாங்கினது உயரம் மட்டும்தான். அது கண்ணால பார்க்கிறது. வானத்துல ஏது நேத்துப் பக்கம்?"

மாலுமியின் தோள் நின்றுவிட்டது.

"வெளிய வாங்க."

வெளித்தளத்தில் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. கேப்டன் கதவைச் சாத்தினார்.

"சித்திரை நட்சத்திரம் எங்க இருக்கு? கையை நீட்டிக் காட்டுங்க."

மனக்கணக்கில் நான் புலி. கப்பல் போகும் திசை, மணி, சித்திரையின் விலாசம், இன்றைய பக்கம். கூட்டிக் கழித்துத் தென்மேற்கில் விரலை நிறுத்தினேன்.

"தோ. பளிச்சுனு நிக்குதே சார்."

அவர் என் விரலின் வழியே பார்த்தார். தலையசைத்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"சரி. அதுக்கு நேர் கீழ ஒரு படகு போகுதே, விளக்கு என்ன கலர்?"

படகுகளுக்கு யாரும் புத்தகம் போடுவதில்லை.

"சிவப்பு" என்றேன், குருட்டாம்போக்கில்.

"படகே இல்ல."

கீழே அலை கப்பலின் வயிற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. பொழுது சாய்ந்தால் வானமும் கடலும் எனக்கு ஒரே கருப்புக் கம்பளியாகி எட்டு மாதம் ஆகிறது. கப்பல் இருக்கும் இடத்தைக் கருவியில் பார்த்து, அங்கிருந்து நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரியவேண்டும் என்று தலைகீழாகக் கணக்குப் போட்டு, அளந்ததாக எழுதிக்கொண்டிருந்தேன். நேற்றுவரை பக்கம் தவறியதில்லை.

"ராத்திரி பன்னெண்டுலேருந்து நாலு வரைக்கும் நீங்கதான் காவல்" என்றார் கேப்டன். "இருபத்திரண்டு பேர் உங்களை நம்பித் தூங்குறான். அவனவனுக்கு வீட்டுல பொண்டாட்டி பிள்ளை இருக்கு. உங்களுக்குப் பதவி உயர்வு ஒரு கேடா?"

எனக்குச் சுருக்கென்றது. திருடனுக்குத்தான் ரோஷம் அதிகம்.

"என்னைப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிடு மச்சான்!" என் வாயிலிருந்த 'சார்' எங்கோ போய்விட்டது. "தெரிஞ்சுக்கிட்டே தினம் என்னை வெளிய நிறுத்தி வேடிக்கை பார்த்தியா? என்னதான் எழுதப் போறே? இன்னைக்காவது வாயைத் திறந்து சொல்லு!"

அவர் திரும்பி, அறையின் கண்ணாடி வழியே மாலுமியைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த செக்ஸ்டன்டை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினார்.

"நானா எழுதினா, பொய் அளவு கொடுத்து ஏமாத்தினாருன்னு எழுதணும். அத்தோட உங்க கதை முடிஞ்சுது. நீங்களா சொல்லியிருந்தா, கண்ணு சரியில்ல, வைத்தியத்துக்கு அனுப்புறேன்னு எழுதியிருப்பேன். நீங்க சொல்றதுக்குத்தான் தினம் பதினஞ்சு நிமிஷம் கொடுத்தேன், மாமா. இன்னைக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."