மாலிஸ் எடுத்த சீட்டு

கம்போடியாவில் கொம்பொங் தோம் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவருக்குச் சிமெண்டு பூசுகிற சோயுன், கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஜன்னலோரம் நிற்கிறான். முதல் வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருக்கும் அவன் மகள் மாலிஸ் இந்தத் தடவையும் தேறாவிட்டால் செங்கல் சூளை வேலைதான். போன வருசம் முழுக்க எல்லோரோடும் சேர்ந்து கத்தி ஒப்பித்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாதது ஒருத்தருக்கும் தெரியவில்லை. புது டீச்சர் அந்தக் கத்தலையே நிறுத்திவிட்டார். டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, மனசுக்குள் படித்து, அதில் உள்ளதைச் செய்து காட்ட வேண்டும். இப்போது மாலிஸின் முறை. "அவளுக்கு எங்க தெரியும் டீச்சர், சும்மா வாயசைப்பா!" என்கிறான் பின்வரிசைப் பயல் ஒருவன். "தவளை மாதிரி குதின்னு எழுதியிருந்தா சேவல் மாதிரி கூவினவன்தானே நீ, பேசாம இருடா" என்கிறார் டீச்சர். வகுப்பு சிரித்து அடங்குகிறது. ஓட்டுச் சந்து வழியே விழும் வெயிலில் சீட்டைப் பிரிக்கிறாள். மாலிஸின் விரல் ஒவ்வோர் எழுத்தாக நகர்கிறது, நிற்கிறது, பின்னுக்குப் போய் மறுபடி வருகிறது. சோயுனின் கரண்டியில் சிமெண்டு இறுகிக்கொண்டிருக்கிறது. சட்டென்று அவள் எழுந்து, மூலைப் பானையில் ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு, சிந்தச் சிந்த நேரே ஜன்னலுக்கு வருகிறாள். "இந்தாப்பா, குடி." ஈரக் குவளையில் ஒட்டியிருக்கும் சீட்டை, முப்பது வயசுக்கு மேல் எழுத்துக் கற்ற அவனும் கூட்டிக் கூட்டித்தான் படிக்கிறான்: 'தாகமாய் இருப்பவருக்குத் தண்ணீர் கொடு.' இப்போதுதான் கரும்புச்சாறு குடித்துவிட்டு வந்தவன், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிக்கிறான்.