எழாமல் தடுத்த பெனால்டி

எழுபது வயதில், கேலரி நாற்காலியை விட்டு எழாமலே ஒரு பெனால்டியைத் தடுத்தேன்.

சொன்னதும் சலூன்காரன் கத்தரியை நிறுத்தினான். "தடுத்தீங்களா? நீங்க கோல்கீப்பரா இருந்தப்போ முப்பது மேட்ச் தோக்காத சாதனையை நம்ம கோல்கீப்பர் பையன் இந்த மேட்ச்ல முந்திடக் கூடாதுன்னு, அவனைப் பாத்து 'வலப்பக்கம் பாய்'னு கத்தினீங்க. பந்து இடப்பக்கம் வந்துச்சு!"

"அவன் எங்கே பாஞ்சான்?"

"இடப்பக்கம். உங்களை நம்பல, பிடிச்சான். உங்க சாதனை போச்சு!"

"பெருசுங்க பேச்சைக் கேக்காதேன்னு ஊரே அவன் காதுல ஓதியிருக்கு. நிஜத்தைச் சொன்னா கேப்பானா?"

"அளக்காதீங்க. சாட்சி யாரு?"

"நீதான். நான் அவனைக் கெடுத்துடுவேன்னு என்னை வேவு பாக்கத்தானே பக்கத்துல உக்காந்தே? கத்துறதுக்கு முன்னாடி உன் காதுல என்ன சொன்னேன்?"

கண்ணாடியில் அவன் முகம் சுருங்கியது.

"'இடப்பக்கம்தான் அடிப்பான்'னு... ஆமாய்யா, சொன்னீங்க."