துபாய் அண்ணாச்சி

“சிவப்பு விளக்கு எரியறப்ப ரோட்டைத் தாண்டினா நானூறு திர்ஹம் அபராதம். எழுதிக்கிட்டீங்களாம்மா?”

சிதம்பரநாதன் கேட்டது ஜெயபாரதியிடம். அவள் எழுதிக்கொள்ளவில்லை. கூடத்தின் நடுவே வாய் பிளந்து கிடந்த பெட்டியில் முறுக்கு டப்பாவுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். மாலையில் விமானம். துபாயில் இருக்கும் மகளுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப் போகிறார்கள். தலைப்பிரசவம். கூட இருக்க அம்மாவை விட்டால் வேறு ஆளில்லை.

யாரும் கூப்பிடாமலே வழியனுப்ப வந்திருந்தார் சிதம்பரநாதன். ரங்கநாதன் தெருவில் முப்பது வருடம் பனியன் கடை நடத்தியவர். கடையை மகனிடம் ஒப்படைத்த அன்றே மரியாதையும் கூடப் போய்விட்டது. வெறும் ‘இரண்டாம் மாடி அண்ணாச்சி’ ஆகிவிட்டார். போன வருடம் தனியாகக் கிளம்பி, நாலு இரவு ஐந்து பகல் துபாய்க்குப் போய்விட்டு வந்தார். அன்றிலிருந்து ‘துபாய் அண்ணாச்சி’. குடியிருப்பில் யார் வெளிநாடு கிளம்பினாலும் சட்டம் சொல்ல வந்துவிடுவார். பாண்டி பஜாரில் கூட வெள்ளைக்கோடு வரும்வரை ரோட்டைக் கடக்காமல் நடந்துகொண்டே இருந்தார். அது கொஞ்சம் அதிகப்படிதான் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் பட்டம் என்று ஒன்று கிடைத்தபின் அதைச் சுமக்க வேண்டாமா?

“மெட்ரோவுல சூயிங்கம் மெல்லக் கூடாது. நூறு திர்ஹம். லேடீஸ் பெட்டியில ஆம்பளை ஏறினா அதுக்கும் நூறு.”

“நான் எங்க அண்ணாச்சி மெட்ரோவுல போகப் போறேன்? பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டவே நேரம் சரியா இருக்கும்.”

“வெத்தலை வெச்சிருக்கீங்களா? உள்ளேயே விட மாட்டான், சொல்லிட்டேன்.”

ஜெயபாரதியின் கணவர் சக்திவேல் சோபாவிலிருந்து குரல் கொடுத்தார். “சட்டமாவே சொல்றீங்களே அண்ணாச்சி, அந்த உசரமான கட்டடத்து மேல ஏறினீங்களா? அங்கேருந்து என்ன தெரிஞ்சுது?”

“உசரமா எந்த ஊர்லதான் இல்ல? சட்டம்தான் தம்பி முக்கியம்.”

“சரி, பாலைவனம்? ஒட்டகம்?”

“ஒட்டகத்துக்கிட்ட எனக்கு என்ன சோலி?”

சக்திவேல் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். அதைச் சிதம்பரநாதன் பார்க்காதது மாதிரி பார்த்தார். அப்போதுதான் ஜெயபாரதி இரண்டு பொட்டலங்களைப் புடவைகளுக்கு நடுவே திணித்தாள்.

“அது என்னதும்மா?”

“குருமாப் பொடி. மாப்பிள்ளைக்கு என் கைக் குருமான்னா உசுரு. பட்டை, கிராம்பு, சோம்பு, கசகசா எல்லாம் வறுத்து அரைச்சது. கால் கிலோ கசகசா தனியாவும் கட்டியிருக்கேன்.”

சிதம்பரநாதன் எழுந்த வேகத்தில் காபி தம்ளர் உருண்டது.

“எடுங்க வெளியே! அந்த ஊர்ல கசகசா போதைப்பொருள் கணக்கும்மா. பிடிச்சிட்டான்னா வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில நீங்க இருக்க முடியாது.”

சக்திவேல் விழுந்து விழுந்து சிரித்தார். “கசகசாவா? அப்போ கல்யாணப் பந்தியில குருமா சாப்பிட்டவனெல்லாம் மண்டபத்துலயே மயங்கியா கிடக்கான்?”

“நம்பலைன்னா போன்ல தேடிப் பாருங்க.”

“போன்ல என்னதான் போடலை? பூண்டு தின்னா வழுக்கையில முடி முளைக்கும்னு கூடத்தான் போட்டிருக்கான்.”

ஜெயபாரதியும் சேர்ந்துகொண்டாள். “குடை கொண்டுபோனா பிடுங்கிடுவான்னு மேல் வீட்டு ஜஹீதாக்காகிட்ட சொன்னீங்களே. அவங்க ரெண்டு குடையோட போய், ரெண்டு குடையோட திரும்பி வந்தாங்க.”

சிதம்பரநாதன் அப்படிச் சொன்னது உண்மைதான். அன்றைக்கு ஜஹீதா மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கைவசம் இருந்த சட்டமெல்லாம் தீர்ந்துபோனது. நிறுத்த மனம் வராமல் சொந்தமாக ஒன்று போட்டுவிட்டார்.

“கோச்சுக்காதீங்க அண்ணாச்சி,” என்றார் சக்திவேல். “ஒரு போட்டோ இல்ல. யாருக்கும் ஒரு சாக்லேட் இல்ல. நீங்க துபாய்க்கே போகலை, மதுரையில மச்சான் வீட்டுல இருந்துட்டு வந்தீங்கன்னு வாட்ச்மேன் வரைக்கும் பேசிக்கிறாங்க.”

கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். ஜெயபாரதி பெட்டியை மூடி ஜிப்பை இழுத்தாள்.

வாயை மூடிக்கொண்டு படியிறங்கினால் போதும். பாதிப்பேர் நம்பாவிட்டாலும் மீதிப்பேர் வாயில் ‘துபாய் அண்ணாச்சி’ பிழைத்துக் கிடக்கும். சிதம்பரநாதன் வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்து, வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி இது! எந்திரிங்க, நேரமாகுது!”

“கசகசா வெளியே வந்தாத்தான் எந்திரிப்பேன்.”

“போகாத ஊருக்கு நீங்க எதுக்கு இவ்வளவு அடம் பிடிக்கிறீங்க?” ஜெயபாரதிக்கு அழுகையே வந்துவிட்டது. “உண்மையைச் சொல்லுங்க, போனீங்களா, இல்லையா?”

சிதம்பரநாதன் பனியன் கடையில் கூடச் சொல்லாத விலையைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

“போனேம்மா. ஆனா ஏர்போர்ட்டை விட்டு வெளியே போகலை. என் பையில இருந்த கசகசாவை மேசை மேல வெச்சுட்டு, நாலு ராத்திரி அஞ்சு பகல் என்னை ஒரே ரூம்ல உக்கார வெச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தச் சுவத்துல படிக்கிறதுக்கு இந்தச் சட்டத்தைத் தவிர வேற ஒண்ணும் ஒட்டலை.”